தீம் பார்க் மோனோரயில்: போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று

தீம் பார்க் ரிசார்ட்டில் மோனோரயில் (ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில்) தெரிந்தால் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. பெரியவர்களும் அதுதான் சீக்கிரமான வழி என்று நம்பிப் பின்னாலேயே போய்விடுகிறோம். ஆனால் ஃபுளோரிடா, டோக்கியோ, சிங்கப்பூரின் சென்டோசா தீவு மூன்றிலும் அதற்குப் போட்டியாக இன்னொரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. எது மேல் என்பது நீங்கள் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 1971 அக்டோபர் 1 அன்று ரிசார்ட் திறந்தபோதே மோனோரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. காரில் வருகிறவர்கள் அங்குள்ள மேஜிக் கிங்டம் பார்க்கின் வாசலில் போய் இறங்க முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு மோனோரயிலிலோ படகிலோ அந்தப் பக்கம் போக வேண்டும். பார்க்கிங்குக்குக் காசு உண்டு. மோனோரயிலும் படகும் இலவசம். மோனோரயிலில் ஏசி உண்டு, காட்சியும் அருமை. கன்டெம்பரரி ஹோட்டலின் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்து வெளியே வருகிறது; அதற்காகவே ஒரு தடவை போகலாம். படகு மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒரே நடையில் சுமார் 600 பேரை ஏற்றிக்கொள்ளும். மோனோரயிலில் ஏறத்தாழ 360 பேர்தான். வாணவேடிக்கை முடிந்து கூட்டம் மொத்தமாக வெளியேறும் நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நான் சொல்வது: காலையில் மோனோரயில், இரவில் படகு.

ஹோட்டலில் தங்குகிறவர்கள் கணக்கு வேறு. ஹோட்டல்களில் நின்று போகும் ரயில் ஒரு வளையத்தில் ஒரே திசையில் சுற்றுகிறது. மேஜிக் கிங்டத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தமே கன்டெம்பரரி. ஆனால் கன்டெம்பரரியில் ஏறி மேஜிக் கிங்டம் போக, கார் நிறுத்துமிட நிலையம், பாலினீசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் ஹோட்டல்கள் எல்லாவற்றையும் கடந்து ஏரியையே சுற்றிவர வேண்டும். நடந்தால் பத்து நிமிடம். ஆக, காலையில் நடை, இரவில் கால் வலிக்கும்போது ரயில். எப்காட் என்ற இன்னொரு பார்க்குக்குப் போகிறவர்கள் கார் நிறுத்துமிட நிலையத்தில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

(2019இல் அங்கே வந்த ஸ்கைலைனர் கேபிள் கார் மேஜிக் கிங்டம் பக்கமே போவதில்லை, அதனால் இங்கே நேரடிப் போட்டி இல்லை. ஏசியும் கிடையாது. இடிமின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். கோடைக்கால ஃபுளோரிடாவில் பிற்பகல் மழைக்குப் பஞ்சமே இல்லை.)

டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டிலும் இதே வளையக் கதைதான், ஆனால் காசு கொடுத்து. 2001 ஜூலையில் திறந்த 5 கிலோமீட்டர் பாதை, நான்கு நிலையங்கள், எவ்வளவு தூரம் போனாலும் பெரியவர்களுக்கு 300 யென். ஜன்னலும் கைப்பிடியும் மிக்கி தலை வடிவில் இருக்கும், பிள்ளைகள் விடவே மாட்டார்கள். மைஹாமா ரயில் நிலையத்தை ஒட்டிய ரிசார்ட் கேட்வேயில் தொடங்கி டிஸ்னிலேண்ட், பேசைடு, டிஸ்னிசீ என்ற வரிசையில் ஒரு பக்கமாகவே சுற்றுகிறது. டிஸ்னிலேண்டுக்கு என்றால் 300 யென் வீண். மைஹாமாவிலிருந்து சில நிமிட நடைதான். அங்கிருந்து திரும்பி வர மோனோரயிலில் ஏறினால் இன்னும் மோசம், முழு வளையத்தையும் சுற்றித்தான் கேட்வே வரும். டிஸ்னிசீ என்றால் தாராளமாக ஏறுங்கள். நடை தூரம் அதிகம், திரும்பும்போது அடுத்த நிலையமே கேட்வே. பேசைடு பக்க ஹோட்டல்களில் தங்கி இரண்டு பார்க்கும் பார்க்கிறவர்கள் பாஸ் எடுத்துவிடுவது நல்லது.

சிங்கப்பூர் சென்டோசா எக்ஸ்பிரஸ் வளையம் இல்லை. விவோசிட்டி ஷாப்பிங் மாலிலிருந்து தீவின் கடற்கரை வரை 2.1 கிலோமீட்டர், 2007 முதல் ஓடுகிறது. இங்கே திசை கட்டணத்தில் இருக்கிறது: தீவுக்குள் நுழைய 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உள்ளே நிலையத்துக்கு நிலையம் போகவும் வெளியே வரவும் இலவசம். விவோசிட்டிக்குப் பக்கத்திலேயே தொடங்கும் போர்டுவாக் நடைபாதையில் நுழையக் காசு கிடையாது. கடலைப் பார்த்தபடி நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் வந்துவிடும். கடற்கரைக்குப் போகிறவர்களும் அதுவரை நடந்துபோய், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் நிலையத்தில் இலவசமாக ஏறிக்கொள்ளலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு 16 வெள்ளி மிச்சம். மழை கொட்டினாலோ தள்ளுவண்டியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலோ அந்த மிச்சத்தைப் பார்க்காமல் விவோசிட்டியிலேயே ஏறிவிடுங்கள். மவுண்ட் ஃபேபர் கேபிள் கார் இதைவிடப் பல மடங்கு விலை. காட்சிக்காகப் போகிறவர்களுக்குச் சரி, போய்ச் சேர்வதற்கு வேண்டாம்.