கணக்கு டியூஷனுக்கு குவிஸ் ஆப், பிளிக்கர்ஸ் கார்டு: ஆறு மாசம் யூஸ் பண்ணி பாத்துட்டு எழுதறேன்

எங்க வீடு புது வண்ணாரப்பேட்டை. மாடில ஏழாவது எட்டாவது பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்கறேன், மொத்தம் 22 பேரு. ஆறு மாசமா குவிஸ் விளையாட்டு வெச்சுதான் டெஸ்ட்டு எல்லாம், தெரிஞ்ச டீச்சருங்க எது நல்லாருக்குன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான்.

மொதல்ல போட்டது ஒரு ஆப், பேரு வேணாம். யாரு சீக்கிரம் தட்டறாங்களோ அவங்களுக்கு பாயிண்ட் ஜாஸ்தி. மாடியே அதிரும், பசங்களுக்கு அப்படி ஒரு குஷி, கணக்கு மேல ஆசை வந்துடுச்சுன்னு நானும் நெனச்சேன். ஒரு நாள் 1/2 + 1/3 போட்டா, கேள்விய படிச்சு முடிக்கறதுக்குள்ள தட்டறாங்க, ஒருத்தரும் நோட்டையே தொறக்கல. ஃபர்ஸ்ட் வந்த பையன கூப்ட்டு அதே கணக்க போர்டுல போட சொன்னா மேலயும் மேலயும் கூட்டி, கீழயும் கீழயும் கூட்டி 2/5ன்னு எழுதிட்டு நிக்கறான். நிதானமா எல்சிஎம் எடுத்து 5/6 போடற பொண்ணு லிஸ்ட்ல பதினாலாவது. மனசு கஷ்டமாயிடுச்சு, அன்னியோட அத விட்டுட்டேன்.

அப்பறம் குவிஸிஸ். 2015-ல பெங்களூர்ல ஆரம்பிச்சது, இப்ப வேகிரவுண்ட்னு பேர மாத்திட்டாங்க. இதுல டைமர ஆஃப் பண்ணலாம், வீட்டுப்பாடமாவும் அனுப்பலாம், அவங்கவங்க வேகத்துக்கு போட்டுக்கலாம். எனக்கு ரொம்ப புடிச்சது ரிப்போர்ட்தான், எந்த கேள்விக்கு யாரு எந்த ஆப்ஷன தொட்டாங்கன்னு அப்படியே காட்டும். ஆனா ஒண்ணு, தப்பு ஆப்ஷன வாய்க்கு வந்த நம்பரா போட்டீங்கன்னா ரிப்போர்ட் பாத்தும் ஒண்ணும் புரியாது. −5 − (−3)க்கு நான் வெச்சது −2, −8, 2, 8. −8 தொட்டவங்க ரெண்டையும் கூட்டி மைனஸ் போட்டுட்டாங்க, 2 தொட்டவங்களுக்கு கழிக்க தெரியுது குறிய கோட்ட விட்டுட்டாங்க, 8 தொட்டவங்க மைனஸையே கண்டுக்கல. மூணு பேருக்கும் மூணு விதமா சொல்லித்தரணும்.

எங்க ஏரியால பிரச்சனை ஃபோன். பாதி வீட்ல ஒரே ஃபோன்தான், அதுவும் அப்பாவோட காசிமேடுக்கோ ஹார்பருக்கோ போயிட்டு நைட்டுதான் திரும்பும். அதனாலதான் என் ஓட்டு பிளிக்கர்ஸ்க்கு. புள்ளைக்கு ஒரு காகித கார்டு, கியூஆர் கோடு மாதிரி கட்டம், நாலு பக்கமும் பொடி எழுத்துல ஏ, பி, சி, டி. எது பதிலோ அந்த எழுத்து மேல வர்ற மாதிரி திருப்பி புடிக்கணும், நம்ம ஃபோன் கேமராவ ஒரு சுத்து காட்டினா எல்லார் பதிலும் பேரோட ஏறிடும். ஒவ்வொரு கார்டும் வேற டிசைன், பக்கத்துல பாத்து காப்பி அடிக்க முடியாது. கார்ட ஃப்ரீயா டவுன்லோடு பண்ணிக்கலாம். லேமினேட் மட்டும் பண்ணாதீங்க, டியூப்லைட் பட்டு பளபளன்னு அடிச்சு கேமரா படிக்கல, நான் மறுபடியும் காசு குடுத்து கெட்டி பேப்பர்ல பிரிண்ட் போட்டேன்.

போன வாரம் அதே −5 − (−3) கேட்டேன். 22 பேருல 13 பேரு −8. பதில சொல்லாம கேரம் போர்ட இழுத்து நடுவுல வெச்சேன். இங்க கேரம் தெரியாத புள்ள கெடையாது, 2024 உலகக்கோப்பைல மூணு தங்கம் வாங்கின காசிமா எங்க ஏரியா பொண்ணு. "அஞ்சு காய் ஃபைன் கட்டணும், அதுல மூணு ஃபைன வேணாம்னு எடுத்துட்டாங்க, இப்ப எவ்ளோ?"ன்னேன். வாயே தொறக்காம கடைசில உக்காந்திருக்கற பொண்ணு, "ரெண்டுதான் மிஸ் பாக்கி... அப்ப மைனஸ் ரெண்டா?"ன்னு கேட்டா. மறுபடி கார்டு தூக்க சொன்னேன், 19 பேரு −2. மிச்ச மூணு பேரு யாருன்னு ஃபோன்ல இருக்கு, வெள்ளிக்கிழம அவங்கள மட்டும் அரைமணி முன்னாடி வர சொல்லிருக்கேன்.