படம் வரைந்த சிஸ்டர்

இந்த முறை ஊருக்குப் போனதில் எழுதத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: அக்காவோடு மரபணு கிளினிக்குக்குப் போனது. டோக்கன், வரிசை, பெயரைத் தப்பாகக் கூப்பிடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

அக்காவுக்கு நாற்பது தாண்டியதுமே மார்பகப் புற்றுநோய். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மாற்றம் பரம்பரையாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ரத்தம் எடுத்துவிட்டு, ரிப்போர்ட் வாட்ஸப்பில் வரும் என்று அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கிருந்த சிஸ்டரோ ஊசியைத் தொடவே இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வரைய ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு, நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு. மூன்று தலைமுறை. அக்காவின் வட்டத்துக்கு ஓர் அம்புக்குறி.

"சித்தி எதுல இறந்தாங்க?"

"வயித்துல கட்டி."

"குடலா, சினைப்பையா? எந்த வயசுல?"

யாருக்குத் தெரியும்? நம் வீடுகளில் எல்லாமே வயிற்றுக் கட்டிதான். அங்கிருந்தே சித்தப்பாவுக்குப் போன் போட்டோம். இப்ப எதுக்கு அதெல்லாம் என்று முனகியவர், அப்புறம் பழைய ஃபைலைத் தேடி எடுத்து 'ஓவரி' என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். சித்தியின் வட்டமும் கறுப்பானது. மார்பகமும் சினைப்பையும் ஒரே பக்கத்து உறவில் வந்தால் பிஆர்சிஏ சந்தேகம் கூடுமாம். அதற்குத்தான் அத்தனை குடைச்சல்.

பிறகுதான் பரிசோதனையைப் பற்றிப் பேசினார். மாற்றம் இருக்கிறது, இல்லை என்ற இரண்டு பதில்கள் மட்டுமல்ல. நோயைத் தருமா தராதா என்று சொல்ல முடியாத மாற்றம் என்றும் ரிப்போர்ட் வரலாம். அதைப் பார்த்து ஆபரேஷனுக்கு ஓடிவிடக் கூடாது என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்: "அக்காவுக்கு அந்த மாற்றம் இருந்தா உங்களுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, சார். ஆம்பளைங்க மூலமாவும் பிள்ளைங்களுக்குப் போகும். டெஸ்ட் எடுக்கிறதும் எடுக்காததும் உங்க இஷ்டம்." எடுத்துவிடுங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நான் இருக்கும் பிரிட்டனில் இதற்கு முதலில் ஒரு படிவம் வரும், அப்புறம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவர் அதற்கென்றே படித்தவர். நர்ஸாக இருந்து, மேற்படிப்பும் பயிற்சியும் முடித்து, மரபணு ஆலோசகராகப் பதிவு செய்துகொண்டவர்கள் அங்கே உண்டு. மரபியல் நர்ஸுகளுக்கென்று 1988-லேயே சர்வதேசச் சங்கம் வந்துவிட்டது. சிஸ்டரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். பி.எஸ்சி. நர்சிங்கில் நோயியல் பாடத்தோடு கொஞ்சம் மரபியல் இருந்ததாம், மீதியெல்லாம் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதாம்.

"இதுக்குன்னு தனிப் போஸ்ட் கிடையாது சார். அடுத்த மாசம் டயாலிசிஸ்ல போட்டாலும் போடுவாங்க" என்று சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாளில் சித்தியின் வட்டம் ஏன் கறுப்பு என்பதைப் புதிதாக வருகிறவருக்கு யார் சொல்வது? ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டதோடு, அன்றைக்கு சிஸ்டருக்கு எந்த ஷிஃப்ட் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.