ஆட்டிசம் கூட்டத்தில் யார் பேசுவது? நான்கு வழிகளும் நாங்கள் எடுத்த முடிவும்

ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். ஐநா பொதுச்சபை 2007 கடைசியில் தீர்மானம் போட்டது. 2008 முதல் கடைப்பிடிக்கிறார்கள். அதையொட்டி காட்பாடிப் பக்கத்துப் பெற்றோர்கள் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு கூட்டம் நடத்துகிறோம். பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், குழந்தைக்கு ஆட்டிசம் என்று அண்மையில் தெரியவந்த குடும்பங்கள் வருவார்கள். ஒரு மாலைப்பொழுதுதான் கிடைக்கும். அதை யார் கையில் கொடுப்பது என்று இந்த முறை எங்களுக்குள் நல்ல வாக்குவாதம். டாக்டர் உரை, பெற்றோர் அனுபவப் படம், சினிமா, ஆட்டிசம் உள்ளவர்களே எழுதியதும் பேசியதும் என்று நான்கு வழிகள் இருந்தன. நான்காவதை எடுத்தோம். அதற்காக வாதாடியவர்களில் நானும் ஒருத்தி. என் மகனுக்கு 17 வயது, ஆட்டிசம் உள்ளவன். அதனால் நடுநிலையாக எழுதுகிறேன் என்று சொல்லமாட்டேன்.

முதலில் டாக்டர். வேலூர் ஆஸ்பத்திரி ஊர். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்குகிற குடும்பங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே டாக்டர் ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. பாகாயம் மனநல மையத்தின் நம்பிக்கை நிலையத்தில் குழந்தையோடு தங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்த பெற்றோர் எங்கள் குழுவிலேயே உண்டு. ஆட்டிசமா இல்லையா என்று பார்த்துச் சொல்வது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குச் சான்று தருவது, அடுத்து எந்தத் தெரபி என்று வழிகாட்டுவது, இதற்கெல்லாம் வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை. எனக்குப் படுகிற குறை ஒன்றுதான். டாக்டர் உரை ஒன்றரை வயதில் தொடங்கி ஆறு வயதில் முடிந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, முகம் பார்க்கிறதா, விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்பதோடு சரி. 25 வயதில் தனியாகப் பஸ் ஏறி வேலைக்குப் போகிற ஆட்டிசம் உள்ளவர் அந்த உரையில் வரவே மாட்டார். உள்ளூர்ச் செய்திகளிலும் அப்படித்தான். டாக்டரின் கருத்து இருக்கும், ஓர் அம்மாவின் கண்ணீர் இருக்கும், பதாகை பிடித்த பிள்ளைகளின் படம் இருக்கும். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

சினிமாவைச் சீக்கிரமே தள்ளிவைத்தோம். ஆட்டிசமும் அபார நினைவாற்றலும் உள்ள ஒருவரைப் பற்றி 1988-இல் வந்த ‘ரெயின் மேன்’ ஹாலிவுட் படம் ஆட்டிசத்தை உலகம் முழுக்கத் தெரியவைத்தது. கூடவே, “உங்க பையனுக்கு என்ன ஸ்பெஷல் திறமை?” என்று கேட்கிற பழக்கத்தையும் விட்டுப்போனது. என் மகனிடம் தேதியைச் சொன்னால் கிழமை சொல்லமாட்டான். சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. தமிழில் 2013-இல் வந்த ‘ஹரிதாஸ்’ அக்கறையோடு எடுத்த படம், ஆனால் அது பெரும்பாலும் அப்பாவின் கண் வழியே நகர்கிற கதை. 2025-இல் ஆர்.எஸ். பிரசன்னா இயக்கிய ‘சிதாரே ஜமீன் பர்’ இந்திப் படத்தில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்றவை உள்ளவர்களையே நடிக்கவைத்தார்கள். அது பெரிய மாற்றம், சந்தேகமில்லை. அங்கேயும் கதை அவர்களுக்குக் கூடைப்பந்து சொல்லித்தருகிற பயிற்சியாளரின் பின்னால்தான் போகிறது.

பெற்றோர் குரலை அப்படித் தள்ளிவிட முடியாது. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய பிறகு, பாசமில்லாத தாய்களால்தான் பிள்ளைகள் இப்படி ஆகிறார்கள் என்ற எண்ணம் நிபுணர்களிடையே வேர்விட்டது. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய புத்தகம் அதைப் பொதுமக்களிடமும் பரப்பியது. அதற்கு மூன்றாண்டு முன்பே, பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் இது உடல்சார்ந்தது, வளர்ப்பால் வருவதில்லை என்று எழுதிவிட்டார். அவருடைய மகனும் ஆட்டிசம் உள்ளவர். பெற்றோர் பேசத் தொடங்கியதால்தான் அந்தப் பழி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இன்றைக்கும் “நீ போனைக் கையில குடுத்து வளர்த்ததாலதான்” என்று புகுந்த வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டு எங்கள் கூட்டத்துக்கு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். குழுவில் மூத்தவரான ஓர் அக்கா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “நாம பேசலன்னா நம்ம கஷ்டத்த யாரும்மா பேசுவா? அந்தப் பொண்ணுக்கு, நம்மள மாதிரி இன்னொருத்தி இருக்கான்னு தெரிய வேணாமா?” அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

அப்படியும் நாங்கள் நான்காவது வழிக்குப் போனதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதைப் போட்டுக் காட்ட முடியுமா?

எங்கள் கூட்டத்துக்குப் பிள்ளைகளும் வருவார்கள். வீட்டில் விட்டுவிட்டு வர ஆள் இருக்காது. பின்வரிசையில் தரையில் உட்கார்ந்து பாட்டில் மூடியைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள், ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பார்கள். நாம் பேசுவதெல்லாம் அவர்கள் காதில் விழும். பதில் பேசாத பிள்ளை கேட்கவும் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நினைத்துக்கொண்டு அவர்கள் எதிரிலேயே சுமை என்கிறோம், எங்களுக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள் என்கிறோம்.

அமெரிக்காவில் 2006-இல் ஒரு பெரிய ஆட்டிசம் அமைப்புக்காக எடுத்த குறும்படத்தில், மகளைக் காரில் வைத்துக்கொண்டு பாலத்திலிருந்து பாய்ந்துவிடலாமா என்று ஒருநாள் தோன்றியதை ஓர் அம்மா கேமராவுக்கு முன் சொல்கிறார். மகள் அதே அறையில் இருக்கிறாள். அந்த அம்மாவின் சோர்வு எனக்குத் தெரியும். தூக்கமில்லாத இரவுகளை நானும் கடந்துதான் வந்திருக்கிறேன். அப்படித் தோன்றினால் அதை இன்னொரு அம்மாவிடமோ டாக்டரிடமோ உடனே சொல்லவேண்டும், வெட்கப்படாமல் உதவி கேட்கவேண்டும். ஆனால் அதைப் படமாக்கி ஊருக்குக் காட்டும்போது மகளுக்கும் சேர்த்தே காட்டுகிறோம். பார்க்கிற மற்ற பிள்ளைகளும் தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

2007 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மனநல மையம் விளம்பரப் பலகைகள் வைத்தது. பிள்ளையைக் கடத்திய ஆள் பெற்றோருக்கு எழுதும் மிரட்டல் கடிதம் போல, ‘உங்கள் மகன் எங்களிடம் இருக்கிறான்’ என்று வாசகம், கீழே ஆட்டிசத்தின் கையெழுத்து. பெற்றோர் உரிய காலத்தில் சிகிச்சைக்கு வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த, ஆட்டிசம் உள்ளவர்களே நடத்துகிற அமைப்பு ஒன்று எதிர்ப்பைத் திரட்டியது. அந்த மாதம் முடிவதற்குள் விளம்பரங்களை எடுத்துவிட்டார்கள். அதை எழுதிய இடத்தில் ஆட்டிசம் உள்ள ஒருவரை உட்காரவைத்து முன்னாலேயே கேட்டிருந்தால் பலகை வரைக்கும் போயிருக்காது என்பது என் எண்ணம்.

நம் ஊருக்கு வருவோம். பழைய பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் ஆறு வயதுப் பையன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருள்கிறான். சனங்களுக்குப் புரியட்டும் என்று அப்பா அதை வீடியோ எடுத்து, தன் கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லிப் போடுகிறார். குடும்பக் குரூப்பில் தொடங்கி ஸ்டேட்டஸ், ரீல்ஸ் என்று அது போய்க்கொண்டே இருக்கிறது. வேலூர் சின்ன ஊர். அந்தப் பையனுக்கு 18 வயதாகி சத்துவாச்சாரியில் ஒரு கடைக்கு வேலை கேட்டுப் போகும்போது, கடைக்காரர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார். கூடப் படிக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். அதற்குள் அப்பா தேறி, மகனைப் புரிந்துகொண்டு, வேறு மனிதராகியிருப்பார். வீடியோ மட்டும் அன்றைக்கு இருந்த மனநிலையிலேயே இருக்கும். எடுக்கும்போது பையனிடம் யாரும் கேட்கவில்லை, அழிக்கும் உரிமையும் அவனிடம் இல்லை. தன்னைப் பற்றித் தானே எழுதுகிறவருக்கு இந்தச் சிக்கல் வராது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவர் கையில் இருக்கிறது.

அந்த அக்காவும் கடைசியில் இதற்குத்தான் சம்மதித்தார். பெற்றோர் மனம்விட்டுப் பேசுவதற்குத் தனியாக ஒரு நாள், பிள்ளைகளும் கேமராவும் இல்லாமல் வைப்பது என்று பேசி முடித்தோம்.

சரி, நான்காவது வழியில் என்ன கிடைத்தது? ஜிம் சின்க்ளேர் 1993-இல் டொராண்டோ மாநாட்டில் பெற்றோரைப் பார்த்துப் பேசியதை நான் தமிழில் சுருக்கிச் சொன்னேன். எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்ற துக்கம் உங்களுக்கு இருக்கலாம், அதற்கு வந்திருக்கிற பிள்ளை பொறுப்பில்லை, எங்களுக்காக அழாதீர்கள் என்பது அதன் சாரம். ஆட்டிசம் உள்ளவரே அதைச் சொன்னார் என்றதும் முன்வரிசையில் இருந்த பெற்றோர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் ஆட்டிசம் உள்ளவரான மெல் பேக்ஸ் 2007-இல் எடுத்த வீடியோவைப் போட்டோம். முதல் சில நிமிடங்கள் அவர் வார்த்தையில்லாமல் பாடுகிறார், கையை ஆட்டுகிறார், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் விரலை வைத்துக்கொண்டே இருக்கிறார். பிறகு, அவர் தட்டச்சு செய்ததைக் கம்ப்யூட்டர் குரல் வாசிக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள ஒவ்வொன்றோடும் தான் உறவாடிக்கொண்டிருப்பதை அவர் அதில் விளக்குகிறார். என் மகன் தண்ணீரில் கை வைத்தால் அடிக்காதே, இழுக்காதே என்று நான் நூறு தரம் சொன்னாலும் கேட்காத எங்கள் உறவினர் ஒருவர், வீடியோ முடிந்ததும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முக்கியமாக, வாலாஜாவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தெரிந்தவர்களிடம் பேசுவார், கூட்டத்தில் பேச வராது, போனில் தட்டச்சு செய்வார். ஆசிரியர்களின் கேள்விகளை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம். வகுப்பில் காதைப் பொத்திக்கொள்வது ஏன், பாடம் பிடிக்கவில்லையா என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். அந்த இளைஞரின் பதிலைத் திரையில் போட்டோம்: மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் என்றது, அதுவும் டீச்சர் குரலும் ஒரே சத்தமாகக் கேட்டது, பாடம் பிடித்துத்தான் இருந்தது, பெஞ்சை மாற்றிப் போட்டிருந்தால் போதும். இதை எந்த நிபுணரும் பொதுவாகச் சொல்லிவிடலாம். எந்த மின்விசிறி, எந்த பெஞ்ச் என்று சொல்ல, அங்கே உட்கார்ந்திருந்தவரால்தான் முடியும். ஆற்காட்டிலிருந்து வந்த ஆசிரியை தன் வகுப்பறையின் படத்தைக் காகிதத்தில் வரைந்து அவரிடம் காட்டி, எங்கே உட்காரவைக்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இந்த வழிக்கு வேலை அதிகம், அதை மறைக்கக் கூடாது. டாக்டருக்கு ஒரு போன் போதும். இங்கே விசிறிச் சத்தம் குறைவான அறை தேடவேண்டும், டியூப்லைட் மினுக்கக் கூடாது, கைதட்டலுக்குப் பதில் கையை உயர்த்தி அசைக்கும்படி முன்பே எல்லோருக்கும் சொல்லவேண்டும். தொட்டால் அந்த இளைஞருக்குப் பிடிக்காது, அதனால் பொன்னாடையைப் போர்த்தாமல் மடித்துக் கையில் கொடுத்தோம். மற்ற பேச்சாளருக்குத் தருகிற அதே தொகையை அவருக்கும் தந்தோம். தமிழில் ஆட்டிசம் உள்ளவர்களே எழுதியது எங்கள் கைக்குக் கிடைத்தது குறைவு, அதனால் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து சொல்லவேண்டியிருந்தது.

உறுதியாகப் பேச எனக்குத் தெம்பில்லாத இடமும் உண்டு. என் மகன் கொஞ்சம் பேசுவான். பேச்சும் தட்டச்சும் இல்லாத, நாள்முழுக்க ஆள் துணை வேண்டிய பெரியவர்களின் வீடுகளில் நிலைமை வேறு. அங்கே பக்கத்தில் இருக்கிற அம்மாவின் குரலைத் தவிர்த்துவிட்டு என்ன செய்வது என்று என்னால் சொல்ல முடியாது. இன்னொருவர் கையைப் பிடித்தோ பலகையைப் பிடித்தோ எழுதவைக்கும் முறைகளில், எழுதுவது உண்மையில் யார் என்ற கேள்வி இருக்கிறது. அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் நிபுணர்களின் சங்கம் 2018-இல் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொன்னது. ஆகவே, தானாகத் தட்டச்சு செய்கிறவர்களின் எழுத்தை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். வாலாஜா இளைஞரும், “நான் என்னைப் பத்தித்தான் சொல்றேன், எல்லாரும் இப்படின்னு எழுதிக்காதீங்க” என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை, 2016 சட்டத்தின் 21 வகைகளில் அது இருக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, திரையில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டுவது குறித்து வழிகாட்டுதல்கள் தந்தது. அவர்களைப் பற்றிய எதையும் அவர்களை விட்டுவிட்டு முடிவுசெய்யக் கூடாது என்ற கோட்பாட்டை அதில் முன்வைத்தது. சினிமாவுக்குச் சொன்னதை நம் தெருக்கூட்டமும் பின்பற்றலாம்.

அடுத்த ஏப்ரலிலும் இதே வழிதான். டாக்டரும் வருவார், ஆட்டிசம் உள்ளவர் பேசி முடித்த பிறகு, அதில் எழும் மருத்துவக் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ திருப்பத்தூரிலோ யாராவது இப்படி ஒன்று நடத்த நினைத்தால், கேள்விகளை ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பதில் சொல்ல விரும்பாத கேள்விகளை அவரே நீக்கட்டும். வீடியோ எடுப்பதானால், வெளியில் போவதற்கு முன் அவர் பார்த்துச் சம்மதித்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.