ஸ்டார்ட் ஆனதும் நின்றுபோகும் இன்ஜின்: ஓபிடி ஸ்கேனருடன் நான்கு வருடம்

நான்கு வருடமாக என் பெட்ரோல் காருக்கு ஒரு சின்ன ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வைத்திருக்கிறேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் இன்ஜினின் விவரமெல்லாம் போனில் வந்துவிடும். அதன் அருமை எனக்குத் தெரிந்தது, கார் ஸ்டார்ட் ஆன கையோடு நிற்கத் தொடங்கியபோதுதான்.

சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். மூன்று எண்ணுவதற்குள் ஒரு குலுக்கலோடு அடங்கிவிடும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி இருந்தால் ஓடும். காலை எடுத்தால் போச்சு. பார்த்த மெக்கானிக் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பம்ப் சோர்ந்திருந்தால் மிதிக்க மிதிக்கத்தானே திணற வேண்டும்? இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு) தடுத்தாலும் சில கார்கள் ஓரிரு நொடியில் நிற்கும். ஆனால் அதற்கு மிதித்தாலும் பலன் இருக்காது.

ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். இதைப் பார்த்ததும் புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுபவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள், பெரும்பாலும் அது சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கும். நான் ஃப்யூல் ட்ரிம் எண்களைத் திறந்து வைத்தேன். காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று இவை காட்டும்; ஷார்ட் டெர்ம் அந்த நொடியின் திருத்தம், லாங் டெர்ம் நாள்பட்ட திருத்தம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஷார்ட் டெர்ம் எண் 0-விலேயே நிற்கும். அதனால் சூடேறும்வரை மிதித்தே ஓட்டினேன். அப்புறம் காலைத் தளர்த்தினால் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டும் சேர்ந்து +28 சதவீதம். 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் +5.

விடை இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது. ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் ஓடும்போது, த்ராட்டில் (காற்று நுழையும் வழியில் உள்ள தகடு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ளே உறிஞ்சல் பலமாக இருக்கும். எங்காவது ஓட்டை இருந்தால் ஏர்ஃப்ளோ சென்சாரின் கணக்கில் வராத காற்று அதன் வழியே புகுந்துவிடும். வேகம் கூடும்போது அதே ஓட்டைக் காற்று கடலில் கரைத்த பெருங்காயம். பம்ப் கோளாறென்றால் எண் நேர்மாறாக, வேகத்தோடு சேர்ந்து ஏறியிருக்கும்.

இன்ஜினுக்குள் சேரும் வாயுவை த்ராட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோகும் ரப்பர் குழாயான பிசிவி ஹோஸ் மேலே பார்க்கப் புதுசு போல இருந்தது. வளைவின் அடிப்பக்கம் விரலை விட்டேன். ரப்பர் எண்ணெயில் ஊறிக் கொழகொழத்து, நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. தம்பி ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொள்ள, நான் பிளவை விரலால் அடைத்தேன். 'ஸ்ஸ்' சத்தம் நின்றது, போனில் எண் இறங்கியது. ஹோஸை மாற்றினேன், சரியாகிவிட்டது.

ஒரு வருடம் கழித்து மறுபடியும் அதே தொல்லை. இந்த முறை பிழைக் குறியீடும் இல்லை, ட்ரிம்மும் ஒழுங்காக இருந்தது. த்ராட்டில் பாடியைக் கழற்றினால் தகட்டின் விளிம்பெல்லாம் காற்று நுழையும் இடுக்கை அடைத்த கரி. துடைத்து மாட்டி, ஐடில் ரீலேர்ன் (ஐடிலிங்கைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பழக்குவது) செய்ததும் தீர்ந்தது. ஆக, ஸ்கேனருக்குத் தெரியாததும் உண்டு. பெட்ரோல் பிரஷரும் என் காரில் அதில் வராது. அதற்குத் தனி கேஜ் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்கேனரைச் செருகியபடியே விட்டுவைக்காதீர்கள். அந்த சாக்கெட்டின் 16-வது பின்னுக்கு பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வரும். இரண்டு வாரம் நிறுத்திவைத்த காரில் பேட்டரி இறங்கிப்போன பிறகு, நான் அதைப் பிடுங்கி டேஷ்போர்டு பெட்டியில்தான் வைக்கிறேன்.