விதை ஊன்றுவதா, நாற்று வாங்குவதா?

முதல் முறை தோட்டம் போடுகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. என்னைக் கேட்டால், என்ன செடி என்று பார்த்துத்தான் பதில் சொல்லுவேன்.

வெண்டை, அவரை, முள்ளங்கிக்கெல்லாம் நாற்று வாங்குவது வீண் செலவு. முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் வேர் மடங்கி, கிழங்கு கோணலாகிவிடும். வெண்டை விதையை இரவில் ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். 45 நாள் வாக்கில் முதல் காய் பறிக்கலாம்.

தக்காளி, கத்தரி, மிளகாய் கதை வேறு. என் முதல் ஆடிப்பட்டத்தில் மிளகாய் விதை தூவிவிட்டு, சொம்பால் தண்ணீரைக் கொட்டினேன். விதையெல்லாம் தொட்டியின் ஒரு மூலைக்கு ஒதுங்கி, அங்கே மட்டும் புல் மாதிரி முளைத்தது! தண்ணீரைத் தூறலாய் ஊற்றும் பூவாளி இல்லாத குறை. அப்படியே ஒழுங்காக முளைத்தாலும் தக்காளி நடும் பருவத்துக்கு வர 25 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். நர்சரியில் குழித்தட்டு நாற்று (சின்னச் சின்னக் குழியுள்ள தட்டில் வளர்த்தது) வாங்கினால் அந்தக் காத்திருப்பு மிச்சம். உயரமாய்ப் பூவோடு நிற்பதை எடுக்காதீர்கள். குட்டையாய், தண்டு தடித்து, நாலைந்து இலையோடு இருப்பதே நன்றாக வேர் பிடிக்கும். இலையைத் திருப்பி அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவது மாலையில்.

ஆனால் நாற்று என்ன ரகம் என்று பல இடங்களில் சொல்ல மாட்டார்கள். நாட்டுத் தக்காளிதான் வேண்டும் என்றால், விதைதான் வழி.

சரி, கீரை? சந்தேகமே வேண்டாம், விதைதான். மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு தூக்கிக்கொண்டு போகாமல் மேலே கொஞ்சம் சாம்பல்.