விங் வழியாகத் தாக்கும் 4-3-3: பல சீசன் ஆடவைத்த அனுபவம்

நான் பயிற்சி தரும் அமெச்சூர் கால்பந்து அணி பல சீசனாக 4-3-3 தான் ஆடுகிறது; அதாவது கோல்கீப்பர் போக பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர். விங்கர்கள் (முன்வரிசையில் ஓரங்களில் ஆடுபவர்கள்) மைதானத்தின் பக்கக் கோடான டச்லைனை ஒட்டி நிற்பார்கள், ஃபுல்பேக்குகள் (பின்வரிசையில் ஓரங்களில் ஆடுபவர்கள்) மேலேறுவார்கள், பந்து பெரும்பாலும் ஓரமாகவே போகும். குறைகள் தெரிந்தும் இதை விட மனசில்லை.

பெரிய பலம், எதிரணியின் டிஃபென்ஸைப் பிரித்துவிடுவது. மைதானம் 68 மீட்டர் அகலம் என்றால், பெனால்ட்டி பாக்ஸ் 40.32 மீட்டர்தான். இரண்டு பக்கமும் ஏறக்குறைய 14 மீட்டர் மிச்சம். அங்கே நிற்கும் விங்கரைப் பிடிக்க எதிரணி ஃபுல்பேக் வெளியே வந்தால், அவருக்கும் சென்டர் பேக்குக்கும் (பின்வரிசையின் நடுவில் ஆடுபவர்) நடுவே வழி திறக்கும். அதற்குள் நம் மிட்ஃபீல்டர் ஓட வேண்டும். எங்களுக்கு நல்ல கோல்கள் வந்ததெல்லாம் அப்படி உள்ளே புகுந்து, கோல் லைன் அருகிலிருந்து தரையோடு பின்னால் தட்டிவிடும் கட்-பேக்கில்தான். தங்கள் கோலைப் பார்த்து ஓடிவரும் டிஃபெண்டர்களுக்கு முதுகுக்குப் பின்னால் வருபவர் தெரியமாட்டார்.

ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் உயரத் தூக்கிப் போடும் கிராஸை மட்டும் நம்பினால் கதை வேறு. 2014 பிப்ரவரியில் ஃபுல்ஹாமுக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட் 81 கிராஸ் போட்டும் ஆட்டம் 2-2 தான். உள்ளே ஆள் சேராமல் கிராஸ் போடாதீர்கள் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறேன்.

அப்புறம், ஃபுல்பேக்குகள் விட்டுவரும் இடம். 2018-19 பிரீமியர் லீக்கில் லிவர்பூலின் ஃபுல்பேக்குகள் அலெக்சாண்டர்-அர்னால்ட் 12, ராபர்ட்சன் 11 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்யும் பாஸ்) கொடுத்தார்கள். அதைப் பார்த்து இருவரையும் ஒன்றாக மேலே அனுப்பத் தோன்றும். ஆனால் அவர்களுக்குப் பின்னால் சென்டர் பேக் வான் டைக்கும், முன்னால் ஃபபீன்யோ போன்ற மிட்ஃபீல்டரும் இருந்தார்கள். நம்மிடம் அப்படி யார்? ஒருவர் ஏறினால் இன்னொருவர் நிற்க வேண்டும், டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர் நடுவை விட்டு நகரக் கூடாது என்று வைத்த பிறகு கவுண்டர் அட்டாக்கில் (எதிரணி பந்தைப் பறித்ததும் வேகமாகத் தாக்குவதில்) வாங்கும் கோல்கள் நன்றாகவே குறைந்தன.

ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தும் அணிகளிடம் இந்த அகலத்துக்கு மதிப்பு குறைவு. ஒரு பக்கம் ஆட்களை இழுத்துவிட்டு, சட்டென்று மறுபக்கம் பந்தை மாற்றினால்தான் இடம் கிடைக்கும். அதற்கு நீளமான பாஸ் துல்லியமாகப் போடும் ஆள் தேவை.

களைப்பையும் கணக்கில் வையுங்கள். எழுபது நிமிடத்துக்கு மேல் விங்கர்கள் திரும்பி ஓடிவருவது குறையும். முன்னிலையில் இருந்தால் அந்த நேரத்தில் 4-4-2 க்கு மாறிவிடுகிறோம். பின்தங்கியிருந்தால் இரண்டு விங்கர்களையும் மாற்றிவிட்டு, அதே ஆட்டத்தைத் தொடர்கிறோம்.