ஒரு கோடா, இரண்டு கோடா?

ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு வேன் ஓட்டுகிறோம், வளைவுக்கு வளைவு பள்ளம். புது டிரைவரைச் சேர்க்கும் முன், ‘ஐஸ்’ போதைப்பொருள் பாவனையைக் கண்டுபிடிக்கும் சிறுநீர் ஸ்ட்ரிப் ஒன்று வாங்கினேன். 450 ரூபாய். முக்கி எடுத்து ஐந்து நிமிடம் பொறுத்தால் சரி. வழிகாட்டித் தாளில் ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை, அதுதான் குறை. இரண்டு கோடு விழுந்ததும் ஆள் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். “அண்ணே, ரெண்டு கோடுன்னா ஒன்னும் இல்லன்னு அர்த்தம்” என்று அந்தத் தம்பிதான் சொல்லித் தந்தான்! மங்கலான கோடும் கோடுதான். சில சளி மருந்து குடித்திருந்தாலும் ஐஸ் பாவித்ததாகப் பொய்யாகக் காட்டும். ஒற்றைக் கோடு வந்தால்தான் சந்தேகம்; அப்போதும் லேபில் உறுதிசெய்யாமல் ஆளைத் துரத்தாதீர்கள்.

அமெரிக்காவில் போதைப்பொருளில் ஃபென்டனில் என்ற கடும் வலிநிவாரணி கலந்திருப்பதைக் காட்டும் ஸ்ட்ரிப்பையே பல மாநிலங்கள் போதைக் கருவி என்று தடுத்து, அப்புறம் அனுமதித்தன. இங்கே பார்மசிக்காரர், எனக்குத்தான் என்று நினைத்தாரோ என்னவோ, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.